நாம் என்னுஞ் சொல்லும் ஒரு பந்தாட்டமும்

சென்ற விடுமுறையிலே, முன்னாளில் என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்திருந்தார். அவர் இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரிற் கணக்காளராகத் தொழில் புரிகின்றார். ஊர்ப்புதினமும் உறவினர் சுகமும் பேசி முடிந்தபின், பேச்சு எவ்வாறோ கூடைப்பந்தாட்டத்திற் புகுந்தது. புகுந்த பேச்சு இராப்போசனம் வரையும் வெளியேறவில்லை.

"ஐயா, இம்முறை நாம் நல்ல நெட்டையன் ஒருவனை இழந்துவிட்டோம். ஆயினும் தூரத்தில் நின்று எறிய வல்லார் இருவர் நமக்குக் கிடைத்திருக்கின்றனர்" என்றார் அவர்.

படிக்குங் காலத்திலே பந்து தம்மை நோக்கி வந்தால் விலகி நிற்பவர் அவர். லெக்சிங்ரனில் உள்ள கென்ரக்கிப் பல்கலைக்கழகத்திற் படித்தவருமல்லர்; அதனிடம் ஊதியம் பெறுபவருமல்லர். ஆதலால், "நாம், நாம் என்கின்றாயே, அந்த நாமுக்குள் யார் யார் அடக்கம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பின்பு சற்றுநேரம் பேசாதிருந்து, "அது பெரிய கதை, ஐயா" என்றார்.

இலக்கணகாரர் தன்மைப் பன்மையை உளப்பாட்டுத் தன்மை எனவும் வழங்குவர். பேசுவோன் தன்னோடு பிறரையும் உளப்படுத்திக் கூறுதலின் அப்பெயர் வந்தது. நாம் என்றால் கேட்போனும் உள்ளே வருகின்றான். நாங்கள் என்றால் அவன் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றான். ஆங்கிலத்திலோ இவ்விரண்டுக்கும் ஒரே சொல். அச்சொல்லைக் கென்ரக்கி மக்கள் தம் பல்கலைக்கழகக் கூடைப்பந்துக் குழுவைப் பற்றிப் பேசும்போது ஆளுமாறு போல வேறெவரும் ஆளுகின்றனரோ என்பது ஐயமே. அவர் சொல்லியவற்றையும், அதன்பின் யானே தேடிப் படித்தவற்றையும் இங்கே ஒருவாறு தருகின்றேன்.

கூடைப்பந்தாட்டம் 1891 ஆம் ஆண்டு மார்கழியிலே, மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டு ஆசிரியராற் பீச்சுப்பழக் கூடைகள் இரண்டைக்கொண்டு தொடங்கப்பட்டது. பக்கத்துக்கு ஐவரே ஆடுவர். பல்கலைக்கழகமொன்று நெடுங்காலமாகப் பதின்மூவருக்கே முழுப் புலமைப்பரிசில் அளிக்கலாமென்று விதி இருந்தது. 2025 ஆம் ஆண்டிலே புதிய ஏற்பாட்டின்படி அத்தொகை பதினைந்தாயிற்று. ஐவர் ஆடும் ஆட்டமாதலால், ஒருவன் வந்தால் குழு எழும். ஒருவன் போனால் விழும். கிரிக்கெட்டிலே பதினொருவருள் ஒருவன் குறைவது வேறு, இங்கே ஐவருள் ஒருவன் குறைவது வேறு. ஆகவேதான் ஆட்டத்தைப் பற்றிய பேச்சினும், அடுத்த ஆண்டு ஆடப்போகின்றவர் யாவர் என்னும் பேச்சு அங்கே பெருகிவிட்டது.

கென்ரக்கியிலே அது பெருகியதற்குத் தனிக் காரணமும் உண்டு. அந்நாட்டின் பெருந் தொழின்முறைக் கழகங்களிற் சேர்ந்த குழு எதுவும் அம்மாநிலத்துக்கு இல்லை. கிழக்கே நிலக்கரி மலைகள், நடுவே குதிரைப் பண்ணைகள், மேற்கே வயல்கள். ஒருவரோடொருவர் அதிகம் தொடர்பற்ற இம்மக்கள் அனைவருக்கும் பொதுவாயிருந்தது குளிர்கால இரவில் வானொலியிற் கேட்கும் பந்தாட்ட வருணனை. கவுட் லெட்போட் என்பவர் 1953 முதல் 1992 வரை அவ்வருணனையைச் செய்தார். மலைப்பக்கத்து வீடுகளிலே முகமறியாத அவருடைய குரலை வீட்டார் குரல்போற் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் பல.

இனி, வீரரைச் சேர்க்கும் முறையைக் கூறுவேன். பதினைந்து, பதினாறு வயதிலேயே உயரமும் விரைவும் உடைய பள்ளிப் பிள்ளைகளைப் பயிற்சியாளர் தேடிச் செல்கின்றனர். இப்பிள்ளைகளைத் தரம் வகுப்பதையே தொழிலாகக் கொண்டாரும் உளர்; அவர்கள் இடும் ஐந்து நட்சத்திரம் பெற்றவனே முதல்வன். அவனைப் பல்கலைக்கழகத்துக்கு விருந்தாக அழைக்கின்றனர். அங்கே அவனைக் கூட்டிச் சென்று எல்லாங் காட்டுபவன் பெரும்பாலும் முன்னரே அக்குழுவில் ஆடுகின்ற இளைஞன். பரிசில் பெற்றான் ஒருவன் எதிர்ப்பட்ட வறியவனை வள்ளலிடம் வழிப்படுத்துவதை நம்முன்னோர் ஆற்றுப்படை என்றனர். இதனைக் கூடைப்பந்தாற்றுப்படை என்றாற் பிழையாகுமா? புலமைப்பரிசில் என்னுஞ் சொல்லைத்தான் யான் சற்று வருத்தத்தோடு எழுதவேண்டியிருக்கின்றது. புலமைக்கு உரிய பரிசிலை அங்கே நெடுமையும் பெற்றுக்கொள்கின்றது.

இவையெல்லாம் பயிற்சியாளரின் தொழில். ஆயினும், முடிதிருத்துமிடத்திலும் உணவுச்சாலையிலும் தேவாலய முற்றத்திலும் வானொலியிலும் இத்தொழிலைக் கூலியின்றிச் செய்வார் தொகை பெரிது. இன்ன பையன் இன்ன பள்ளியிற் படிக்கின்றான், அவன் தாய் எவ்வூரை விரும்புகின்றாள், இடக்கையால் எறிவானா, அவன் வந்தால் யார் அமர்ந்திருக்க வேண்டும் என்று இரவிரவாக ஆராய்கின்றனர். வல்லவர் ஐவரைச் சேர்த்துவிட்டாற் போதும் என்பது ஒரு சாரார் கொள்கை. பந்து ஒன்றுதானே, வேந்தர் ஐவர் ஒரு பாசறையில் எங்ஙனம் இருப்பர் என்பது மற்றொரு சாரார் வினா. இதனை யான் இகழமாட்டேன். ஏடுகளின் பாடபேதம் பற்றி இரவிரவாக வாதிட்டவன் யான்.

ஆனால் அந்த நாமுக்கு ஒரு பழைய மறு உண்டு. அடொல்ப் ரப் என்பவர் 1930 முதல் 1972 வரை கென்ரக்கியின் பயிற்சியாளராயிருந்து 876 ஆட்டங்களை வென்றார். நான்கு முறை தேசிய வெற்றி பெற்றுத் தந்தார். அந்நாட்களில் அக்குழுவில் ஆடினோர் வெள்ளையரே. 1966 ஆம் ஆண்டு பங்குனி 19 இலே, இறுதியாட்டத்தில் ரெக்சாஸ் வெஸ்ரேண் என்னுங் கல்லூரி கறுப்பின வீரர் ஐவரைத் தொடக்கத்தில் நிறுத்தி 72–65 எனக் கென்ரக்கியை வென்றது. அதன்பின்னும் கென்ரக்கி தன் முதற் கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொள்ள 1969 ஆம் ஆண்டு வரை சென்றது. அம்மாநிலத்துக் கறுப்பின மக்களும் அதே வானொலியைத்தான் கேட்டனர். கேட்போரைப் புறத்தே நிறுத்திவிட்டுச் சொல்லப்பட்ட அச்சொல்லை நாம் என்று மொழிபெயர்க்க என் பேனா கூசுகின்றது.

அடுத்த கறை பணத்தால் வந்தது. 1988 ஆம் ஆண்டு, கென்ரக்கி அலுவலகத்திலிருந்து சேரவிருந்த இளைஞனொருவனின் தந்தைக்கு அனுப்பப்பட்ட கடிதவுறை வழியிலே திறந்துகொண்டது. உள்ளே 1,000 டொலர் இருந்ததெனப் பொதி நிறுவனப் பணியாளர் கூறினர். அனுப்பியதாகச் சொல்லப்பட்டவர் மறுத்தார். விசாரணை வளர்ந்தது. பயிற்சியாளர் 1989 இலே பதவி துறந்தார். பருவ இறுதிப் போட்டிகளில் இரண்டாண்டுகள் ஆடலாகாதென்று தண்டனை விதிக்கப்பட்டது. வல்ல வீரர் பலர் வேறிடஞ் சென்றனர்.

நால்வர் மட்டும் போகவில்லை. பெல்பிறி, பாமர், பெல்தவுஸ் என்னும் மூவர் கென்ரக்கி மண்ணிலே பிறந்தவர். நான்காமவராகிய வுட்ஸ் அண்டை மாநிலத்தவர். ஐந்து நட்சத்திரக்காரர் தேடிவரும் பெரு வீரராக இவர்களை ஒருவரும் கொண்டாடியதில்லை. புதிய பயிற்சியாளரான றிக் பிற்றினோவின் கீழ் முதலாண்டு 14 வெற்றி, 14 தோல்வி. தண்டனை தீர்ந்தபின், 1992 ஆம் ஆண்டு பங்குனி 28 இலே, பிலடெல்பியா நகரில் டியூக் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடினர். மேலதிக நேரத்திலும் ஆட்டம் முடியுந் தறுவாயில் வுட்ஸ் எறிந்த பந்து கூடையிற் புகக் கென்ரக்கி 103–102 என முந்தியது. எஞ்சியது 2.1 விநாடி. மைதானத்தின் மறுகோடியிலிருந்து நீளமாக எறியப்பட்ட பந்தை லேற்னர் என்னும் டியூக் வீரர் பிடித்து, ஒருமுறை தரையிலடித்து, திரும்பி எறிந்தார். 104–103. கென்ரக்கி தோற்றது. கென்ரக்கிக் குழுவுக்காக லெட்போட் வருணித்த கடைசி ஆட்டமும் அதுவே. வென்ற குழுவின் பயிற்சியாளர் அவர் இருந்த இடத்துக்குத் தாமே வந்து, அவ்வானொலி வழியாகத் தோற்ற மக்களோடு பேசிச் சென்றார்.

சில நாட்களுள், தோற்ற அந்நால்வரின் சட்டைகளையும் தம் ஆட்ட மண்டபத்து முகட்டிலே தூக்கிவைத்தனர் கென்ரக்கியர். ஓடாது நின்று பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டிய மரபினர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பின்னாளிற் காலம் மாறிற்று. தொழின்முறைக் கழகம் 2006 ஆம் ஆண்டுத் தெரிவு முதலாகப் பள்ளிப் பிள்ளைகளை நேரே எடுப்பதில்லை; பள்ளி விட்டு ஓராண்டாவது கழியவேண்டுமென்றது. ஆகவே பெருவீரர் ஓராண்டு பல்கலைக்கழகத்திலே தங்கிச் செல்லலாயினர். இவர்களைத் திரட்டுவதில் ஜோன் கலிப்பாரி நிகரற்றவர். 2009 இலே கென்ரக்கிக்கு வந்த அவர், 2012 இலே அன்ரனி டேவிஸ் முதலிய இளைஞரைக்கொண்டு தேசிய வெற்றி பெற்றார். அவ்வாண்டே முதல் ஐவரும் தொழின்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டனர். அடுத்த ஆண்டு, றொபேட் மொறிஸ் என்னும் சிறிய பல்கலைக்கழகத்தின் சிறிய மண்டபத்தில் 59–57 எனக் கென்ரக்கி தோற்றது. சத்திரத்திலே தங்குவார்போல வந்து போவாரை எங்ஙனம் நம்மவர் என்பது என்று முதியவர்கள் அப்போதே முணுமுணுத்தனராம்.

இப்பொழுது சத்திரத்தின் கதவும் கழன்றுவிட்டது. முன்னெல்லாம் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறும் வீரன் ஓராண்டு ஆடாதிருக்க வேண்டும். 2018 இலே மாறவிரும்புவோர்க்கென ஒரு பதிவேடு ஏற்பட்டது. அதனை அங்குள்ளார் வாயில் என்றே வழங்குகின்றனர். 2021 இலே ஒருமுறை தடையின்றி மாறலாமென்றும், 2024 இலே எத்தனை முறையும் மாறலாமென்றும் விதி தளர்ந்தது. 2021 ஆம் ஆண்டு ஆடி முதலாந் திகதியிலிருந்து வீரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம் என்றாயிற்று. இரசிகர் கூட்டங்கூட்டமாய் நிதி திரட்டி அவ்வழியே வழங்கினர். 2025 இலே நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தாமே, எல்லா விளையாட்டுக்களுக்குமாக, முதலாண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை வீரருக்குக் கொடுக்கலாம். 1,000 டொலருக்காக ஒரு குழு சிதைந்ததை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

இளைஞரைக் குறைகூற யான் துணியேன். அவர்கள் ஆட்டத்தால் மண்டபங்கள் நிறைந்தன. பயிற்சியாளர் கோடிக்கணக்கிற் பெற்றனர். ஆடியவன் கையிற் சட்டப்படி புலமைப்பரிசிலேயன்றி வேறில்லை. பரிசிலர் ஓரரசன் வாயில் விட்டு மற்றோரரசன் வாயிலுக்குச் செல்வதை நம்நூல்களும் இழிவென்று சொல்லவில்லை. ஆயினும், எங்கள் பாடசாலையிலே ஓட்டத்தில் வல்லவனாயிருந்த ஏழைப் பையனொருவனைப் பட்டினத்துப் பெரிய கல்லூரியொன்று விடுதியும் உணவும் தந்து கூட்டிச் சென்றது எனக்கு நினைவு வருகின்றது. மறு ஆண்டு அவன் வேறு நிறச் சட்டையணிந்து எங்கள் பையன்களை முந்தினான். ஓடி முடிந்ததும் நேரே என்னிடம் வந்து வணங்கினான். அவன் அவ்விடஞ் சென்றது அவனுக்கு நன்மையே. அன்று யான் கைதட்டினேனோ என்பது இப்போது நினைவில்லை.

2024 ஆம் ஆண்டு சித்திரையிலே, கலிப்பாரி பதினைந்தாண்டு கழித்து ஆர்க்கன்சாவுக்குச் சென்றார். வீரருட் சிலர் அவர் பின்னே சென்றனர். சிலர் தொழின்முறைக்கும், சிலர் பிற பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். புலமைப்பரிசில் பெற்ற வீரர் ஒருவரேனும் எஞ்சவில்லை. 1996 இலே தேசிய வெற்றி பெற்ற குழுவின் தலைவருள் ஒருவராயிருந்த மார்க் போப் புதிய பயிற்சியாளரானார். அவரை வரவேற்க அறிவித்த நாளிலே, இருபதினாயிரம் பேர் கொள்ளும் ரப் மண்டபம் நிரம்பிவிட்டது. பழைய தோழரோடு பேருந்தில் வந்திறங்கிய அவர், 1996 ஆம் ஆண்டு வெற்றிக் கிண்ணத்தைக் கையிலேந்தி உட்புகுந்தார்.

என் மாணவரும் அங்கே மேற்றட்டில் இருந்தாராம். "ஆட்டமுமில்லை, ஆட்டக்காரருமில்லை, யாரைப் பார்க்கப் போனாய்?" என்றேன்.

"அதுதான் ஐயா, நானும் யோசித்தேன். பக்கத்தில் ஒரு கிழவர் பேரனோடு இருந்தார். சுரங்கத்தில் வேலைசெய்தவர்; மூன்று மணிநேரம் வண்டியோட்டி வந்தாராம். என்னை முன்பின் அறியார். என் பக்கம் திரும்பி, 'இனி நாம் முதலில் ஓர் உயரமானவனைத் தேடவேண்டும்' என்றார். ஆங்கிலத்திற் சொன்னார். ஆனால் அவர் சொன்னது நாங்கள் அல்ல, ஐயா, நாம்."

பல்வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவரைக் கூட்டிக் கட்டிய அக்குழு, அவ்வாண்டு கார்த்திகையிலே டியூக்கை 77–72 என வென்றது. 2025 பங்குனியிலே கடைசிப் பதினாறு குழுக்களுள் ஒன்றாயிற்று. அவருட் பலருக்கு அதுவே கடைசிப் பருவம். ஆதலால் மீண்டும் தேட்டம், மீண்டும் கணக்கு. விடைபெற்று வாயிற்படி இறங்கிய பின்னும் என் மாணவர் திரும்பிநின்று, இழந்துவிட்ட அந்த நெட்டையன் ஏழடிக்கு ஓரங்குலமே குறைவு என்றார்.