அரக்குத் தட்டில் அகப்பட்ட குரல்

பொங்கலுக்கு முன்னால் பரணை ஒழிப்பீர்கள் அல்லவா? அப்போது பழைய டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து கறுப்பாகக் கனமாகச் சில தட்டுகள் வெளியே வரும். நடுவில் ஓட்டை, அதைச் சுற்றி ஒரு வட்டக் காகிதம், காகிதத்திலே குழாய்க்கு முன்னால் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாய். "இதைப் போட மெஷின் ஏது? பழைய சாமான்காரர் வந்தால் கொடுத்துவிடலாம்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்! அந்தத் தட்டு சேலத்திலே பிறந்த பாட்டாக இருக்கலாம். அதைவிட நல்ல பிரதி உலகத்தில் வேறெங்கும் இல்லாமலும் இருக்கலாம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறப் போகிறவர்கள் வழியில் ஒரு வளைவைப் பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வாசல் அது. வாசல் நிற்கிறது, வீடு போய்விட்டது! திருச்செங்கோட்டில் 1907-இல் பிறந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். நூல் நூற்க வேண்டியவர் 1935-இல் படச்சுருளைக் கையில் எடுத்தார். 1963-இல் அவர் காலமானார். அந்த ஒரு வளாகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இங்கேதான் உருவாயிற்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இந்த ஸ்டூடியோவின் படந்தான். கண்ணதாசன் இந்த நிறுவனத்தின் 'சண்டமாருதம்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். மருதகாசி பாட்டெழுத வந்ததும் இங்கேதான்.

'பாலன்' படத்தில் 23 பாட்டுக்கள். அவற்றை இன்று கேட்க முடியுமா? முடியாது. படத்தின் பிரதியே கிடைக்கவில்லை. சில புகைப்படங்களும், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகமுந்தான் மிச்சம். வார்த்தை இருக்கிறது, குரல் இல்லை. தாலாட்டு எழுதிய காகிதத்தைத் தொட்டிலில் போட்டால் குழந்தை தூங்குமா?

ஆகவேதான் பழைய பாட்டைப் புதுப்பிக்கும் வேலை இப்போது மதிப்புப் பெற்றிருக்கிறது. அபிமானிகளுக்கென்று கனமான புதிய இசைத்தட்டுகளை அழகான உறையில் போட்டு விற்கிறார்கள். மேல்நாட்டில் இது பெரிய வியாபாரம். பீட்டில்ஸ் கோஷ்டியார் 1967-இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்' என்ற தொகுதியை, ஐம்பது வருஷம் கழித்து 2017-இல் மறுபடியும் கலந்து வெளியிட்டார்கள். அதைச் செய்த ஜைல்ஸ் மார்ட்டின், முதலில் அந்த இசையை உருவாக்கிய ஜார்ஜ் மார்ட்டினின் மகன்! தந்தை வைத்த ஊறுகாய் ஜாடியை மகன் திறந்தது போல. அந்தத் தொகுதியில் நம் தம்புராவும் தில்ரூபாவும் தபலாவுங்கூட ஒரு பாட்டில் ஒலிக்கின்றன.

அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வாத்தியங்களையும் குரல்களையும் பிரித்துப் பதிவு செய்த நாடாக்களை லண்டனில் பத்திரமாக வைத்திருந்தார்கள். எதை ஏற்றலாம், எதை இறக்கலாம் என்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. நம் பாட்டுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

'மந்திரி குமாரி' (1950) படத்தை எடுத்துக்கொள்வோம். எல்லிஸ் ஆர். டங்கன் சுந்தரத்துடன் சேர்ந்து டைரக்ட் செய்தது; மு. கருணாநிதி வசனம், ஜி. ராமநாதன் சங்கீதம். கணவன் மனைவியைக் கொல்லும் எண்ணத்தோடு மலையுச்சிக்கு அழைத்துப் போகும் கட்டம் நினைவிருக்கிறதா? குண்டலகேசிக் கதைதான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினார்கள். தேனாக இனிக்கும் மெட்டு, அதற்குள்ளே விஷம்! இத்தகைய பாட்டு அந்த நாளில் குரல், வாத்தியம் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே தடத்தில் பதிவாகும். சாம்பாரிலிருந்து புளியைத் தனியே எடுக்க முடியாத கதை. பிறகு அதையே இசைத்தட்டாகவும் அச்சடித்து விற்பார்கள். 10 அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிஷம். பாட்டு நீண்டுவிட்டால் மறுபக்கம் திருப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரு சரணத்துக்குக் கத்திரி.

அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கு! வளையல் செய்கிற அதே அரக்குத்தான். அதோடு கல்மாவும் விளக்குக் கரியும் சேர்த்து அழுத்தி வார்ப்பார்கள். கல்மா எஃகு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்றபடி கூராக்கும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடச் சொன்னார்கள். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் பத்துப் பாட்டுப் போட்ட வீடுகளில் பாட்டெல்லாம் இரைச்சலானது இப்படித்தான்.

இனி, புதுப்பிப்பவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். முதலில் தட்டைக் குளிப்பாட்டுகிறார். காய்ச்சி வடித்த தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். பிறகு ஊசி. பிற்காலத்து 33⅓ சுற்றுத் தட்டின் ஊசியைப் போல மும்மடங்கு பருமனுள்ள ஊசி இதற்கு வேண்டும். சின்ன ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியிலுள்ள அழுக்கைத்தான் வாசிக்கும். ஓடும் பாட்டை விநாடிக்கு 96,000 முறை அளந்து எண்களாகக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது.

அடுத்தது சுருதி. இதிலே பலர் தவறிவிடுகிறார்கள். 78 சுற்று என்று போட்டிருந்தாலும் எல்லாத் தட்டும் அந்த வேகத்தில் பதிவானவையல்ல. நாலைந்து சுற்று கூடிவிட்டால் போதும், ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டைக்கு ஏறிவிடுவார். பாட்டு ஓட்டம் பிடிக்கும், கனத்த குரல் மெலிந்துவிடும். ஓட்டை நடுமையத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலோ, சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஊஞ்சலாடும். இவற்றைச் சரிப்படுத்த மெஷினோடு காதும் வேண்டும். சங்கீதம் தெரிந்த காது.

பிறகுதான் கீறலும் இரைச்சலும். 'டிக் டிக்' என்ற கீறலை எடுப்பது சுலபம். 'உஸ்' என்ற இரைச்சல்தான் பொல்லாதது. 'ச', 'ஸ' போன்ற எழுத்துக்கள் அந்த இரைச்சல் இருக்கும் இடத்திலேயே குடியிருக்கின்றன. தம்புராவின் ஜீவனும் அங்கேதான். இரைச்சலை அடியோடு துடைத்தால் இவையும் கூடவே போய்விடும். ஜிக்கியின் குரல் பஞ்சு அடைத்த தலையணைக்குள்ளிருந்து வருவது போலாகும்! பளிச்சென்று துலக்குகிறேன் என்று வெள்ளிக் குத்துவிளக்கின் வேலைப்பாட்டையே தேய்த்துவிடும் வேலைக்காரிகளை நீங்கள் பார்த்ததில்லையா? என்னைக் கேட்டால் கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். சத்தத்தை உயர்த்தி எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அலற விடுவது இன்னொரு பாவம். மெல்லப் பாடியதை மெல்லத்தானே கேட்க வேண்டும்?

கலந்ததைப் பிரிக்கவும் இப்போது வழி வந்திருக்கிறது. ஜான் லென்னன் சாதாரண காஸெட்டில் பியானோவோடு பாடி வைத்த பாட்டிலிருந்து குரலை மட்டும் கம்ப்யூட்டர் பிரித்தெடுக்க, 2023-இல் அதைப் புதிய பாட்டாக வெளியிட்டார்கள். சாம்பாரிலிருந்து புளியை எடுத்தேவிட்டார்கள்! நம் ஊரிலும் 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தைப் படமும் ஒலியும் புதுப்பித்து 2012-இல் திரையிட்டபோது, நூறு நாளைக்கு மேல் ஓடியது. ஜனங்கள் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

புதுத் தட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உறையில் '180 கிராம்' என்று போட்டிருப்பது தட்டின் எடை, ஒலியின் தரமல்ல. எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். மலிவான காம்பாக்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கனத்த தட்டில் அடித்தால், அது டிகிரி காப்பி டபராவில் ஊற்றிய இன்ஸ்டன்ட் காப்பிதான்.

நல்ல மூலம் எங்கே இருக்கிறது? படச்சுருள்களை நம்ப முடியவில்லை. அந்த நாளைய நைட்ரேட் சுருள் தீயென்றால் பற்றிக்கொள்ளும். 2003 ஜனவரியில் புனேயில் அப்படிப் பல எரிந்து போயின. பிறகு வந்த அஸிடேட் சுருளோ, நாளாக ஆகக் காடி வாடை அடித்துச் சுருங்கிவிடும். ஆகவே உங்கள் பரண்தான் கஜானா!

தட்டைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். வெயிலும் அடுப்பங்கரையும் ஆகாது. தோசைக்கல் ஓரத்தில் வைத்த அப்பளம் போல வளைந்துவிடும். முக்கியமாக, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும். ஆசையாகத் துடைக்கும்போதே ஜிக்கி உங்கள் துணியோடு வந்துவிடுவார். மாமனார் காலத்துச் சாவி கிராமபோன் வீட்டில் இருந்தாலும், அதில் போட்டுப் போட்டுத் தேய்க்க வேண்டாம். முதலில் தெரிந்தவரிடம் கொடுத்து ஒருமுறை பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை போட்டு உடைத்துவிட்டதா? அப்போதும் எறியாதீர்கள். துண்டுகளைப் பொருத்தி ஒட்டி ஓடவிட்டால், ஒரு வெடிப்புக்குச் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்னும். மூன்று நிமிஷத்தில் 234 'டக்'. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து எடுத்துவிட முடியும். ஒரே ஒரு நிபந்தனை: துண்டு எதுவும் காணாமல் போயிருக்கக்கூடாது. எல்லாவற்றையும் பொறுக்கி, ஒன்றோடொன்று உரசாமல் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மேலே பாட்டின் பெயரை எழுதி வையுங்கள்.