எந்த லண்டன்?

"லண்டனில் தேம்ஸ் நதி பெருக்கெடுத்தது; வீடுகள் மூழ்கின." மாணவர்களே, இச்செய்தியைப் படித்ததும் உங்கள் மனம் இங்கிலாந்துக்குத்தானே சென்றது? சற்றுப் பொறுங்கள்! கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் உண்டு. அங்கு ஓடும் ஆற்றின் பெயரும் தேம்ஸ்தான்! 1937 ஏப்ரலில் அது கரைபுரண்டு ஊருக்குள் புகுந்தது.

இக்குழப்பத்தைக் கணிப்பொறி எவ்வாறு தீர்க்கிறது? 2012-இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு என்னும் அறிவு வலையில் ஒவ்வோர் ஊருக்கும் தனி எண் உண்டு. இங்கிலாந்தின் லண்டனுக்குக் 'கியூ 84'. கனடா லண்டனுக்கு வேறு எண். உங்கள் வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தால் பதிவேட்டில் எண் வேறுபடுகிறதல்லவா? அதுபோலத்தான்.

சரியான எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? புகழ்பெற்ற ஊரையே எப்போதும் தேர்ந்தெடுத்தால் கனடாவின் லண்டன் கணக்கில் வராமலே போய்விடும். ஆகவே, செய்தியிலுள்ள மற்றப் பெயர்களையும் கணிப்பொறி கவனிக்கிறது. தேம்ஸ் இரண்டு ஊர்களிலும் ஓடுவதால் அது மட்டும் போதாது. 'டொராண்டோ' என்ற சொல்லும் இருந்தால்? வலையில் அதற்கு அருகில் பிணைந்திருப்பது கனடா லண்டனே!

வெள்ளத்தில் தவிப்பவர்களுக்கு உதவி போய்ச்சேர வேண்டிய நேரத்தில், ஊர் மாறினால் என்னாகும்? எண்ணிப் பாருங்கள்.