டிராக்டரைக் கிளப்பும் மின்சார அமைப்பு

மேட்டூர் அணையில் நீர் இருப்புப் போதியதாயுள்ள ஆண்டுகளில், ஜூன் மாதம் 12-ஆம் தேதி பாசனத்திற்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். வாய்க்கால்களில் நீர் வந்தவுடன் தஞ்சை ஜில்லா எங்கும் ஒரே சமயத்தில் சேற்றுழவு தொடங்குகிறது. குறுவை நடவு பிந்தினால் அறுவடை ஐப்பசி மழையில் அகப்பட்டுக் கொள்ளும். இத்தகைய தருணத்தில் டிராக்டர் கிளம்பாமல் நின்றுவிடின் நேரும் நஷ்டம் சிறிதன்று. குற்றம் பெரும்பாலும் எஞ்சினில் இல்லை. அதனைக் கிளப்பும் மின்சார அமைப்பிலேயே உள்ளது. அதன் இயல்பை அறிந்தவர் வரப்பிலேயே கோளாறைக் கண்டு கொள்ளலாம்.

அமைப்பின் அவசியம்

டீஸல் எஞ்சின் தானாகக் கிளம்பாது. சிலிண்டரிலுள்ள காற்று சுமார் பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்பட்டால்தான் எண்ணெய் பற்றிக் கொள்ளும் அளவுக்குச் சூடுண்டாகும். அதற்கு எஞ்சினை வெளியிலிருந்து வேகமாகச் சுழற்ற வேண்டும். முற்காலத்தில் கைப்பிடியால் சுழற்றினர். அது எதிர்த்து உதைத்துக் கை முறிந்தோர் பலர். அமெரிக்காவில் கெட்டரிங் என்பார் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் மோட்டார் வண்டியில் இடம் பெற்றது. நம் கிராமங்களில் ‘ஸெல்ப்’ என வழங்குவது அதன் வழி வந்ததேயாம்.

வேலை செய்யும் விதம்

இதில் மின்சாரம் செல்லும் வழிகள் இரண்டு. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் ஆகியவற்றின் வழியாக ஸோலினாய்டு என்னும் காந்தச் சுருளை அடைகிறது. கிளட்சை மிதித்தாலன்றி, அல்லது கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி, இவ்வழியை மூடி வைக்கும் காப்பு ஸ்விட்சும் பல டிராக்டர்களில் உண்டு. தடித்த கேபிள் மற்றொன்று பாட்டரியிலிருந்து ஸோலினாய்டு வழியாக ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்கிறது.

சாவியைத் திருப்பியதும் சிறு மின்சாரம் சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்க, ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் பிளைவீலின் பற்களில் பொருந்துகிறது. உடனே பெரிய இணைப்பும் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் மோட்டாரில் பாய்கிறது. மதகின் மேல் லஸ்கர் ஒருவர் திருகைத் திருப்ப, கீழே பெருவெள்ளம் பாய்வதை இதற்கு ஒப்பிடலாம். மின்சாரம் டிராக்டரின் இரும்புடல் வழியாகவும் எர்த் கம்பி வழியாகவும் பாட்டரிக்குத் திரும்புகிறது.

கோளாறுகளும் பரிகாரமும்

1. ‘டக் டக்’ என்று விடாது ஒலித்து விளக்கு மங்கினால், பாட்டரி தளர்ந்திருக்கும். அல்லது அதன் முனைகளில் களிம்பேறியிருக்கும். ஓய்விலுள்ள பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதி.

2. ஒரே ஒலியுடன் நின்று, விளக்கும் மங்காதிருந்தால், ஸோலினாய்டின் இணைப்போ மோட்டாரின் கரித்துண்டுகளோ தேய்ந்திருக்கலாம்.

3. ஒலியே இல்லையேல் ஃபியூஸ், சாவி, காப்பு ஸ்விட்ச், மெல்லிய கம்பி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

4. மோட்டார் மட்டும் சுழன்று எஞ்சின் சுழலாவிடில் குற்றம் பற்சக்கரத்திலாகும்.

சேற்றில் உழும் டிராக்டர்களில் எர்த் கம்பி துருப்பிடிப்பது சகஜம். உழவு முடிந்ததும் அதனைக் கழுவித் துடைத்து, பாட்டரி முனைகளைச் சமையல் சோடாக் கரைசலால் சுத்தம் செய்து வாஸலின் தடவுவது நலம். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது இறுதியிலும் தொட வேண்டும். அதனருகே நெருப்பு ஆகாது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்திராமல், ஒரு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி முயல்க.

முக்கிய எச்சரிக்கை

அவசரத்தில் சிலர் கீழே நின்று, திருப்புளியால் ஸ்டார்ட்டரின் முனைகளை இணைத்து எஞ்சினைக் கிளப்புகின்றனர். இது காப்பு ஸ்விட்சைப் புறக்கணிப்பதாகும். கியர் விழுந்திருந்தால் டிராக்டர் அக்கணமே நகர்ந்து, பின்சக்கரம் நிற்பவர் மேல் ஏறிவிடும். இவ்விதம் மாண்டவர் பல நாடுகளிலும் உளர். ஆதலின் நிலச்சுவான்தார்கள் தம் ஓட்டிகளை இச்செய்கையினின்று கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்களும் உழவு தொடங்குமுன் இதனை எடுத்துச் சொல்வது பெரும் உபகாரமாகும். ஒருநாள் உழவு தவறினால் மறுநாள் செய்து கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.