உங்களுக்குத் தெரியுமா? பிளஸ் டூ மார்க்கா, நுழைவுத் தேர்வா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்? இன்னொரு பக்கம் நீட், ஜேஇஇ என்று தனிக் கவலை. பள்ளி மதிப்பெண்ணை நம்புவதா, ஒருநாள் தேர்வை நம்புவதா என்ற வழக்கு உலகெங்கும் பல தலைமுறைகளாக நடக்கிறது. அதிலிருந்து சில செய்திகள்.

300-க்கு ஒரு கட்-ஆஃப்
தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மாநில அரசே நுழைவுத் தேர்வு நடத்தியது. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். கோச்சிங் சென்டர்கள் நகரங்களில்தான் இருந்தன. பிளஸ் டூவில் முந்திய கிராமத்துப் பிள்ளைகள் அந்த 100 மார்க்கில் பின்தங்கினார்கள்.

எளிதில் போகவில்லை
2005-ல் அந்தத் தேர்வை ரத்து செய்து அரசாணை வந்தது, நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அடுத்து வந்த சட்டமும் 2006 தொடக்கத்தில் செல்லாது என்றானது. பிறகு கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி புதிய சட்டம் இயற்றினார்கள். 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தபின்தான் நுழைவுத் தேர்வுக்கு முடிவு வந்தது. மருத்துவப் படிப்புக்கு மட்டும் 2017 முதல் நீட் கட்டாயமானது.

178.5 எப்படி வந்தது?
ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் கட்-ஆஃபுக்குக் கணிதம் அப்படியே 92. மற்ற இரண்டும் பாதியாகி 42.5, 44. கூட்டினால் 200-க்கு 178.5. தமிழிலும் ஆங்கிலத்திலும் அவள் எவ்வளவு வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

கடைசியில் அதிர்ஷ்டம்
இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால்? கணித மார்க், இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். மதிப்பெண்கள் எல்லாமே ஒன்றாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றென்றால், கணினி கொடுத்த 10 இலக்க சமவாய்ப்பு எண் யாருக்குப் பெரியதோ அவர் முந்துவார்.

60 மார்க் 66.66 ஆகும் விதம்
சிபிஎஸ்இ மாணவரையும் மாநிலப் பாடத்திட்ட மாணவரையும் ஒரே தரவரிசையில் வைப்பது எப்படி? ஒவ்வொரு வாரியத்திலும் முதல் மதிப்பெண் எதுவோ, அதை மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக்குகிறார்கள். இங்கே இயற்பியலில் முதல் மார்க் 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால், அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.66 என்று கணக்கு. வினாத்தாள் கடினமாக இருந்ததற்காக எந்த மாணவரும் நஷ்டப்படக் கூடாது என்பதே நோக்கம்.

ஜேஇஇயிலும் பிளஸ் டூ
2013 முதல் 2016 வரை, என்ஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ மெயின் தரவரிசையில் 40 சதவீதம் பிளஸ் டூ மார்க்குக்குத்தான். 2017-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பிளஸ் டூவை அலட்சியம் செய்ய முடியாது. பொதுப் பிரிவினர் என்ஐடியில் சேர 75 சதவீத மார்க் வேண்டும். அல்லது தங்கள் வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வர வேண்டும்.

நூற்றுக்கு நூறு கேட்ட கல்லூரிகள்
2021-ல் டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகள் சிலவற்றில் சில படிப்புகளுக்குக் கட்-ஆஃப் 100 சதவீதம். வாரியங்கள் மார்க்கை அள்ளிக் கொடுத்ததில், 98 எடுத்த பிள்ளையும் வாசலிலேயே நின்றது. மறு ஆண்டே க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது.

அமெரிக்காவின் எஸ்ஏடி
1926-ல் முதன்முதலாக நடத்தப்பட்ட இந்தத் தேர்வுக்கு இப்போது 1600 மதிப்பெண். எந்த ஊர்ப் பிள்ளையையும் ஒரே அளவுகோலில் பார்க்கலாம் என்பது ஆதரவாளர்களின் வாதம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளே அதில் சராசரியாக அதிகம் வாங்குகிறார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். இரண்டும் உண்மை. 1969-லேயே மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி, விரும்பினால் மார்க்கைக் காட்டலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அறிவித்துவிட்டது.

வைத்தவர்கள், எடுத்தவர்கள்
கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் குழு ஆராய்ந்து, தேர்வு மதிப்பெண்ணுக்குப் பயன் உண்டு என்றது. ஆனால் நிர்வாகக் குழு 2020 மே மாதம் அதைக் கைவிட முடிவு செய்தது. கொரோனாவில் தேர்வை நிறுத்திவைத்த எம்ஐடியோ 2022-ல் மீண்டும் கட்டாயமாக்கியது. நல்ல பள்ளி வசதியில்லாத திறமைசாலிகளைக் கண்டுபிடிக்கத் தேர்வு உதவுகிறது என்று காரணம் சொன்னது.

எதை எது காட்டும்?
சிகாகோ அரசுப் பள்ளி மாணவர்களைப் பற்றி 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. கல்லூரிப் படிப்பை முடிப்பார்களா என்பதைக் கணிப்பதில், எஸ்ஏடி போன்ற ஏசிடி தேர்வைவிடப் பள்ளி மதிப்பெண் 5 மடங்கு வலுவானது என்றது அது. ஹார்வர்டு, யேல் வகைக் கல்லூரிகளை ஆராய்ந்து 2024-ல் வந்த ஆய்வோ, அங்கே வாங்கப்போகும் மார்க்கைக் கணிக்கத் தேர்வு மதிப்பெண்தான் சிறந்தது என்றது. இது முரண்பாடாகத் தெரியும். ஆனால் இரண்டும் பொருந்தும். நாள்தோறும் வகுப்புக்கு வந்து, வீட்டுப்பாடம் எழுதி, தோற்றாலும் விடாமல் படிக்கும் குணம் பள்ளி மார்க்கில் பதிகிறது. பட்டம் வரை தாக்குப்பிடிக்க அந்தக் குணம் வேண்டும். விண்ணப்பிக்கும் எல்லாருமே ஏறக்குறைய முழு மார்க்கோடு வரும் இடத்தில், அவர்களைப் பிரித்துப் பார்க்க இன்னொரு தேர்வு தேவைப்படுகிறது.

இங்கிலாந்தின் நான்கு நாள்
2020-ல் பொதுத் தேர்வு நடக்காததால், இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளை ஒரு கணினிச் சூத்திரம் திருத்தியது. பள்ளியின் பழைய தேர்ச்சி நிலவரத்தையும் அது கணக்கில் எடுத்தது. ஏறக்குறைய 40 சதவீத கிரேடுகள் இறங்கின. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13-ல் வெளியான முடிவு 17-ம் தேதி கைவிடப்பட்டது. 2021-ல் அதே சிக்கல் இங்கே வந்தபோது, பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று எல்லாருக்கும் புரியும் கணக்கைத் தமிழ்நாடு எடுத்துக்கொண்டது.

இலங்கையின் இசட் புள்ளி
1970-களில் தரப்படுத்தல் முறையால், பல்கலைக்கழகம் செல்லத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காயம் ஒரு தலைமுறையின் போக்கையே மாற்றியது. இன்று உயர்தரப் பரீட்சை மதிப்பெண்ணை இசட் புள்ளியாக மாற்றுகிறார்கள். ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதை அது காட்டும். பெரும்பாலான படிப்புகளில் 40 சதவீத இடம் நாடு தழுவிய தரவரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

49 கேள்வி, 196 மார்க்
2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. கேள்விக்கு 4 வீதம், தமிழில் எழுதியவர்களுக்கு 196 மார்க் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே தேர்வு என்று சொன்னால், கேள்வியாவது எல்லா மொழியிலும் ஒரே கேள்வியாக இருக்க வேண்டாமா?

டெக்சாஸின் முதல் பத்து
அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997-ல் ஒரு சட்டம் வந்தது. எந்தப் பள்ளியானாலும் சரி, அங்கே முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஒரே கூரையின் கீழ், ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களோடுதான் ஒப்பீடு. நெருக்கடி அதிகமானதால் ஆஸ்டின் வளாகம் மட்டும் அந்த அளவைப் பின்னர் குறைத்துக்கொண்டது.

7.5 சதவீதத்தின் பலம்
தமிழ்நாட்டில் நீட் கட்டாயமான பின், எம்பிபிஎஸ் இடம் பிடித்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீதிபதி கலையரசன் குழு அவர்களுக்கு 10 சதவீத உள்ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது, 2020-ல் 7.5 சதவீதமாகச் சட்டம் வந்தது. முதல் ஆண்டே நூற்றுக்கணக்கானோர் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். அவர்களும் நீட்டில் தகுதி பெற்றவர்கள்தாம். 2021-ல் இது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. பள்ளி மார்க்கோ நுழைவுத் தேர்வோ, எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை அந்தப் பிள்ளை எந்தச் சூழலில் வாங்கினாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சேர்க்கை நியாயமாகும். அதைச் சட்டமாகவே செய்ய முடியும் என்று இந்த ஒதுக்கீடு காட்டிவிட்டது. உங்கள் தெருவில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.