சந்நிதியும் கைப்பேசியும்

பேசுவோன் தன்மை, எதிர்நின்று கேட்போன் முன்னிலை, பேசப்படுவது படர்க்கை. இவை தமிழ் இலக்கணம் வகுத்த மூவிடம். கைப்பேசி வந்தபின் இவ்வரிசை தடுமாறிவிட்டது. எங்கோ இருப்பவர் முன்னிலையாகிறார். எதிரே அமர்ந்திருப்பவரோ படர்க்கையாகிவிடுகிறார். துக்கம் விசாரிக்கச் சென்ற வீட்டில், அழுகின்றவரின் பேச்சைப் பாதியில் விட்டு 'ஹலோ' என்று எழுந்து செல்வோர் இன்று அரியரல்லர்.

சந்நிதி என்னும் வடசொல்லுக்கும் அண்மையில் இருத்தல், முன்னிலை என்பனவே பொருள். அங்கு நின்று தொலைவிலிருப்பவரோடு உரையாடுவது, சந்நிதியை விட்டு நீங்குவதேயாம்.

மல்லாங்கிணற்றிலிருந்து மதுரைக்கும் திருச்செந்தூருக்கும் செல்லும் அன்பர்கள் அவ்விரு தலங்களிலும் நிலவும் தடையை அறிவர். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் 2018 பிப்ரவரி 2 அன்று இரவு வீரவசந்தராயர் மண்டபம் தீப்பற்றியது. அதன்பின் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி அவ்வாண்டு மார்ச் முதல் பக்தர்கள் கைப்பேசி கொண்டுசெல்லத் தடை வந்தது. அங்குக் காரணம் பாதுகாப்பு. திருச்செந்தூர் வழக்கில் காரணம் வேறு. திருமேனிகளையும் பூசைகளையும் படம்பிடிப்பதே முறையீடாயிற்று. திருக்கோயிலின் தூய்மையும் மாண்பும் காக்கப்படவேண்டும் எனக் கருதிய நீதிமன்றம், மாநிலத் திருக்கோயில்கள் அனைத்திலும் தடையை நடைமுறைப்படுத்துமாறு 2022 டிசம்பரில் அறநிலையத் துறைக்கு ஆணையிட்டது.

பட்டாசுத் தொழில் செய்யும் இவ்வட்டாரத்தார்க்கு இக்கட்டுப்பாடு புதிதன்று. மருந்து கலக்கும் அறைக்குள் கைப்பேசி செல்லலாகாது. பொறி பறந்தால் உயிர் போகும் என்பதனால் அங்கு எவரும் முணுமுணுப்பதில்லை. பேருந்திலோ அச்சமில்லை, ஆதலால் ஒருவர் வீட்டுக் கடன் கணக்கை ஐம்பது பேர் கேட்க நேர்கிறது. அழைத்தவுடன், "இப்போது பேசலாமா?" என்று வினவுவோரும் மிகச் சிலரே. மறுமுனையில் இருப்பவர் மருத்துவமனையிலும் இருக்கலாமன்றோ?

ஆயினும் தடையினால் முதியோர் படும் இடரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருவிழா நெரிசலில் மக்களைப் பிரிந்த மூதாட்டி யாரை, எவ்வாறு அழைப்பார்? பிள்ளைகளின் எண்ணும் அவருக்கு மனப்பாடமில்லை. அது கருவிக்குள் அன்றோ கிடக்கிறது! எண்ணைத் தாளில் எழுதி அவர் முந்தானையில் முடிந்துவிடலாம். கைப்பேசி இல்லாத நாளில் குடும்பத்தார் உள்ளே நுழையுமுன் கூடுமிடம் ஒன்றைக் குறித்துக்கொள்வர். மதுரையாயின் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு. வழிதவறியவர் அங்குச் சென்று அமர்ந்திருப்பார், மற்றையோர் தேடி வருவர்.