மகள் லப்டொப் கேட்கிறாள்: கடனில் விழாமல் வாங்குவது எப்படி?

"தங்கச்சி, ஒரு லப்டொப் என்ன விலை வரும்? இந்தச் சங்கிலியை அடகு வைச்சா வாங்கலாமோ?"

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் வைத்து அந்த அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர். 2009இல் கணவரை இழந்தபோது அவருடைய மகளுக்கு நான்கு வயது. அந்த மகள் உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்து வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். ஊரே வாழ்த்திய சந்தோஷம் ஒரு கிழமைதான் நீடித்தது. அடுத்த கிழமையே "எல்லாரும் லப்டொப் வைச்சிருக்கினமாம் அம்மா" என்று பிள்ளை சொல்லிவிட்டாள்.

பிள்ளை கேட்டது தவறில்லை. ஒப்படைகள், விரிவுரைக் குறிப்புகள், இணையவழி வகுப்புகள் எல்லாமே இன்று கணினியோடு வருகின்றன. நான் சமூகவியல் படித்த காலத்தில் விடுதியில் ஒரு சிலரிடம்தான் லப்டொப் இருந்தது. எனது இறுதி வருட ஆய்வைக் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ரைப் செய்வித்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி பஸ் ஏறவேண்டும், மறுபடி காசு கொடுக்கவேண்டும். அந்த அலைச்சல் இன்றைய பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த அக்காவின் கழுத்தில் கிடந்த சங்கிலி, எல்லாம் இழந்து வந்தபின் பத்து வருடம் சேர்த்து வாங்கிய ஒன்று. அதை வைப்பதற்கு முன் இருவரும் உட்கார்ந்து யோசிப்போம் என்று சொன்னேன். அன்று யோசித்ததையும் பின்னர் செய்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு தாளை எடுத்து, பிள்ளை இந்த இயந்திரத்தில் என்ன வேலை செய்யப்போகிறாள் என்று எழுதச் சொல்லுங்கள். கலை, வணிகம், முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைக்குக் கட்டுரை எழுதவும், கணக்கு அட்டவணை போடவும், சூம் வகுப்பில் சேரவும் ஒரு சாதாரண லப்டொப் போதும். கணினி விஞ்ஞானம் படிப்பவருக்குச் சற்றுக் கூடிய நினைவகம் வேண்டும். பொறியியல், கட்டடக்கலை படிப்பவர்கள் வரைபட மென்பொருள்களைப் பாவிப்பதால் அவர்களுக்கு இன்னும் பலமானது தேவைப்படலாம். இதை ஊகிக்க வேண்டியதில்லை. அதே துறையில் இரண்டாம், மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் தாளில் மகள் ஐந்து வேலைகளை எழுதினாள். ஐந்தாவதை மட்டும் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்: "கேம்".

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன கேம்? படிக்கவோ விளையாடவோ போறாய்?" என்றார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த இடத்தில் நான் பிள்ளையின் பக்கம் நின்றேன். ஆண் பிள்ளை மாலையில் மைதானத்துக்குப் போகிறான், பந்தடிக்கிறான். பெண் பிள்ளை விடுதி அறைக்குள் இருக்கிறாள். நாள் முழுக்கப் படித்தவள் அரை மணித்தியாலம் சதுரங்கமோ கார் ஓட்டமோ விளையாடினால் குடி முழுகிப்போகாது. ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்காக இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்கவும் தேவையில்லை. இதைத் தாயும் மகளும் இருவருமே ஏற்றுக்கொண்டார்கள்.

"கேமிங் லப்டொப்" என்று விற்கப்படுபவற்றில் படங்களை வேகமாகக் காட்டுவதற்கெனத் தனியான ஒரு பாகம் இருக்கிறது. விலை ஏறுவதற்கு முக்கிய காரணம் அதுதான். அவை பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் பாரமானவை, பற்றரி விரைவில் இறங்கும், சார்ஜரே ஒரு செங்கல் மாதிரி இருக்கும். தினமும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு அது சுமை. சாதாரண லப்டொப்பின் செயலிக்குள்ளேயே படம் காட்டும் பகுதி உள்ளடங்கியிருக்கிறது. சதுரங்கம், மைன்கிராவ்ற், சில வருடங்கள் பழைய கார் ஓட்ட விளையாட்டுகள் போன்றவற்றுக்கு, காட்சித் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அது போதுமானது.

கடையில் பார்க்க வேண்டிய நான்கு விடயங்கள்

கடைக்காரர் பல பெயர்களைச் சொல்லுவார். நீங்கள் நான்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

*செயலி.* இதுவே லப்டொப்பின் மூளை. இன்ரெல் நிறுவனத்தின் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர்களைக் கேட்டு ஏமாறவேண்டாம். அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் வயதைச் சொல்லும். 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10210 என்றால் பத்தாம் தலைமுறை. 1135, 1235 என்று வந்தால் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: பதினோராம், பன்னிரண்டாம் தலைமுறைகள். நான்காம் தலைமுறை ஐ7ஐ "பெரிய ஐ7" என்று காட்டுவார்கள். பதினோராம் தலைமுறை ஐ3 பல வேலைகளில் அதை முந்திவிடும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலிகளும் நல்லவை. விளையாட்டுக்கு அவற்றின் உள்ளடங்கிய படப் பகுதி பெரும்பாலும் கைகொடுக்கும்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகவேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்ரெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் முறையாக ஏற்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆறாம் தலைமுறையை வாங்கினால் பிள்ளையின் படிப்பு முடியும்வரை அது தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

*நினைவகம், அதாவது ரம்.* 8 ஜீ.பி. இருக்கவேண்டும். 4 ஜீ.பி. இருந்தால் சூம் வகுப்போடு இரண்டு பக்கங்கள் திறந்தாலே திணறும். "பிறகு கூட்டலாமோ?" என்று கட்டாயம் கேளுங்கள். சிலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு ஒட்டிவிட்டிருப்பார்கள், கூட்ட முடியாது. கூட்டக்கூடியது என்றால் இன்று 8 வாங்கி, கையில் காசு வரும்போது இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். இரண்டு துண்டுகளாகப் போடும்போது விளையாட்டுகளும் முன்பைவிடச் சீராக ஓடும்.

*சேமிப்பகம்.* எஸ்.எஸ்.டி. என்றே கேளுங்கள். 256 ஜீ.பி. போதும். பழைய சுழலும் வன்தட்டு 1000 ஜீ.பி. இருந்தாலும் மெதுவானது, கீழே விழுந்தால் பழுதாகும் வாய்ப்பும் கூட. புத்தம் புதிய பெட்டியில் மிக மலிவாக வரும் சிலவற்றில் 4 ஜீ.பி. நினைவகமும் 64 ஜீ.பி. சேமிப்பகமும் மட்டுமே இருக்கும். பளபளப்பைப் பார்த்து அவற்றை வாங்கி, ஆறு மாதத்தில் மூலையில் வைத்த குடும்பங்களை நான் அறிவேன்.

*பற்றரி.* பாவித்த லப்டொப் என்றால் இதுவே முதலில் கெட்டிருக்கும். புதிதில் பற்றரி எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று காட்டும் அறிக்கையை விண்டோஸிலேயே எடுக்கலாம். "பற்றரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்கோ தம்பி" என்று சொல்லுங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் புதிய பற்றரி போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

புதியதா, பாவித்ததா?

2022க்கு முன் 200 ரூபாயளவில் இருந்த டொலர், அந்த வருடத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இறக்குமதியாகும் லப்டொப் எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனதற்கு இவை பெரிய காரணங்கள்.

அதனால் வெளிநாட்டு அலுவலகங்களில் சில வருடம் பாவித்து, பின் துப்புரவாக்கி விற்கப்படும் லப்டொப்புகளைத் தள்ளிவிட வேண்டாம். லெனோவோ திங்க்பேட், டெல் லற்றிரியூட், எச்.பி. எலைட்புக் ஆகியவை அலுவலக வேலைக்கென உறுதியாகச் செய்யப்பட்டவை. பல மாதிரிகளில் பாகங்களை மாற்றுவதும் இலகு.

ஆனால் கவனம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பாவித்த ஒன்றை வாங்கி ஏமாந்தவள். கடையில் சார்ஜரோடு பூட்டித்தான் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து வயரைக் கழற்றியதும் அணைந்துவிட்டது. பற்றுச்சீட்டில் உத்தரவாதம் என்று ஒரு சொல்லும் இல்லை. கேட்கத் தெரியாமல் வந்தது என் பிழை. அந்தப் பிழையை நீங்கள் விடவேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். திரையைத் திறந்து மூடி, பிணைச்சல் இறுக்கமாக உள்ளதா என்று பாருங்கள். கமரா, ஒலிவாங்கி, வைபை, பென்ட்ரைவ் செருகும் இடங்கள் எல்லாவற்றையும் சோதியுங்கள். பழைய உரிமையாளரின் கடவுச்சொல் ஏதும் பூட்டிக் கிடக்கிறதா என்றும் கேளுங்கள்.

காசு எங்கிருந்து வருகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வரும் அளவுக்கு நிலைமை போனது.

கடன் தருபவர் "24 வீதம்தான் அக்கா" என்பார். ஒரு லட்சம் எடுத்து, 24,000 வட்டியையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதத்தில் கட்டினால் மாதம் 10,333 ரூபாய். மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு போகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் முதலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வருட வட்டி 40 வீதத்தைத் தாண்டும். கடையின் தவணை முறைக்கும் இதே கணக்குத்தான். கைக்காசு விலை எவ்வளவு, தவணையெல்லாம் கூட்டினால் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அந்த அக்காவுக்கு மூன்று மாதத்தில் சீட்டு விழ இருந்தது. ஆகவே சங்கிலியைத் தொடவில்லை, காத்திருந்தோம். அதுவரை பிள்ளை பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தையும் கைபேசியையும் வைத்துச் சமாளித்தாள். முதல் நாளே லப்டொப் இல்லாவிட்டால் படிப்பு நின்றுவிடும் என்பது உண்மையல்ல. காத்திருந்ததில் ஒரு நன்மையும் கிடைத்தது. தன் பாடத்துக்கு எது வேண்டும் என்று பிள்ளைக்கே தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அக்கா கேட்ட கேள்வி

சீட்டு விழுந்ததும் மூவருமாக வவுனியாவுக்குப் போனோம். இரண்டு கடைகளில் விலை கேட்டோம். புதிய ஐ3க்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். கேமிங் லப்டொப் மூன்று லட்சத்தைத் தாண்டியது. பாவித்த எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜீ.பி. நினைவகம், 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி.யோடு 82,000 ரூபாய்.

கடைத் தம்பி ஆங்கிலச் சொற்களாக அடுக்கிப் பிள்ளையிடம் மட்டுமே பேசினார். அக்கா ஒரு ஓரமாக, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் கண் காட்டினேன். மெதுவாக முன்னே வந்து, "தம்பி, இது பழுதாப்போனா ஆர் பொறுப்பு? எத்தினை மாதம்? அதை எழுதித் தருவியளோ?" என்று கேட்டார்.

தம்பி நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு அவருக்கும் சேர்த்தே பேசினார். பற்றரி அறிக்கை எடுத்தார். மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. ஆறு மாத உத்தரவாதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி, கடை முத்திரையும் குத்தினார். விலையில் 4,000 ரூபாயும் குறைந்தது. மிஞ்சிய காசில் ஒரு பையும், பாடங்களைப் பிரதி எடுத்து வைக்க ஒரு பென்ட்ரைவும் வாங்கினோம். எழுதும் மென்பொருளுக்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை. லிப்ரே ஒபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

விடுமுறைக்குப் பிள்ளை வந்திருந்தபோது அந்த வீட்டுக்குப் போனேன். தாயும் மகளும் லப்டொப்பின் முன் இருந்தார்கள். இடியப்பக் கணக்கை அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தார்கள். எந்தக் கடை எவ்வளவு தரவேண்டும் என்பது வரிசையாக இருந்தது. "கேமும் விளையாடிப் பாத்தனான் தங்கச்சி. காரைக் கொண்டுபோய் மதிலிலதான் அடிச்சனான்" என்று அக்கா சிரித்தார். சங்கிலி கழுத்தில் கிடந்தது.

அன்பான தாய்மாரே, சகோதரிகளே! இந்தப் பொருள்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்களே ஒதுங்கி நிற்கிறோம். சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த எங்களுக்கு, பற்றரியைப் பார்க்கவும் தெரியும். காசு உங்களுடையது, வியர்வை உங்களுடையது. கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையதே. அடுத்த முறை பிள்ளை லப்டொப் கேட்டால் நகைப்பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.