அரசாங்கம் வாங்கும் கேழ்வரகு

சர்க்கார் எதை வாங்குகிறதோ அதையே குடியானவன் விதைக்கிறான் என்பதால், நியாயவிலைக் கடைகளுக்காக ஆண்டுதோறும் நெல்லையே பெருமளவில் கொள்முதல் செய்துவந்த நமது ராஜ்யம், 2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது, சிறியதாயினும் சிலாக்கியமான காரியம் என்றே கருதுகிறேன்.

ஏனெனில், நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில், பிராணவாயு எட்டாத ஆழத்தில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு உக்கிரமாகப் பூமியைச் சூடேற்றுகிறது. மாரமங்கலம் முதலிய சேர்வராயன் மலைக் கிராமங்களின் சரிவுகளில் வானம் பார்த்து விளையும் கேழ்வரகுக்கும் சாமைக்கும் தேங்கிய நீரே வேண்டியதில்லை. ஆனால், விலை நிச்சயமின்றி எந்த விவசாயி அவற்றை நம்பி உழுவான்? ஆதலால், இம்மலைக் குடிகளின் தானியத்தை நியாயமான விலைக்கு நேராகக் கொள்முதல் செய்து, இங்குள்ள பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வழங்குமாறு அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறேன்.